கவுன்டர்ஸ்பெல்: எதிரி ஏவும் மந்திரத்தின் பெயரை டிஎம் முதலிலேயே சொல்லிவிட வேண்டுமா?

கல்மண்டபம்_பகடை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இராயபுரம் கல்மண்டபம் அருகே ஒரு வீட்டு மொட்டை மாடியில் ஞாயிறு மாலைகளில் நாங்கள் ஆறு பேர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதைப்பாத்திர ஆட்டத்தை ஆடி வருகிறோம். நான் டிஎம், அதாவது கதையையும் எதிரிகளையும் நடத்துகிறவன்; மற்ற ஐவரும் ஏழாம் நிலைப் பாத்திரங்களை ஆடுகிறார்கள். எங்களிடம் இருப்பது 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பின் பிளேயர்ஸ் ஹேண்ட்புக் என்ற விதிநூலின் ஒரே பிரதி. அண்மையில் சேர்ந்த இருவர் 2024-இல் வந்த திருத்திய நூலைப் படித்துவிட்டு வந்தவர்கள். சென்ற வாரம்வரை இந்த வேறுபாடு எங்களுக்கு இடையூறாக இருந்ததில்லை.

கதையில் இப்போது ஒரு மீன்பிடித் துறைமுகத்தில் சண்டை நடக்கிறது. காசிமேட்டைப் பார்த்து வளர்ந்தவர்கள் என்பதால் படகுகளையும் பனிக்கட்டிக் கிடங்கையும் காயப்போட்ட வலைகளையும் வரைபடத்தில் எளிதாகக் கொண்டுவந்துவிட்டோம். பொம்மைகள் வாங்க வசதியில்லாததால் கேரம் காய்களைத்தான் வைத்து ஆடுகிறோம்: நம்மவர்கள் வெள்ளை, எதிரிகள் கறுப்பு, எதிரிகளின் விசார்ட் (மந்திரவாதி) சிவப்பு. ஒரு கட்டம் 5 அடி. சிவப்புக் காய் எங்கள் விசார்டிடமிருந்து பத்துக் கட்டங்கள் தள்ளி, அதாவது 50 அடியில், நின்றது.

எதிரியின் முறை வந்தபோது, "அவன் ஃபயர்பால் ஏவுகிறான்" என்றேன். எங்கள் விசார்டை ஆடும் தங்கை உடனே கவுன்டர்ஸ்பெல், அதாவது பிறர் ஏவும் மந்திரத்தை இடையிலேயே தடுக்கும் மந்திரம், என்றாள். மூன்றாம் நிலை மந்திரத்தை மூன்றாம் நிலை ஸ்லாட்டால் (மந்திரம் ஏவச் செலவிடும் இருப்பு) தடுத்ததால், எங்கள் நூலின்படி பகடை உருட்டாமலே அது அணைந்துவிட்டது. ஆனால் புதிதாக வந்தவர்களில் ஒருவர், நான் "ஒரு மந்திரம் ஏவுகிறான்" என்று மட்டுமே சொல்லியிருக்க வேண்டும் என்றும், பெயரைச் சொன்னதால் அவளுக்கு உரிமையில்லாத ஒரு செய்தியைக் கொடுத்துவிட்டேன் என்றும் வாதிட்டார்.

அடுத்ததாகத் தங்கையின் முறை வந்தது. அவள் ஃபயர்பால் ஏவினாள்; சிவப்புக் காய் அதற்குக் கவுன்டர்ஸ்பெல் போட்டது. தன் முறை தொடங்கியதும் ரியாக்ஷன் (பிறர் செயலுக்கு உடனே எதிர்வினை செய்யும் வாய்ப்பு) மீண்டும் கிடைத்துவிட்டதால், அந்தக் கவுன்டர்ஸ்பெல்லையே இன்னொரு கவுன்டர்ஸ்பெல்லால் தடுக்கிறேன் என்று தன்னிடம் எஞ்சியிருந்த கடைசி மூன்றாம் நிலை ஸ்லாட்டை எடுத்தாள். முடியும் என்று மூவரும், முடியாது என்று இருவரும் நின்றார்கள். இதற்கிடையில், ஒரு கையில் கேடயமும் மறு கையில் கதாயுதமும் வைத்திருக்கும் கிளெரிக் (பூசாரிப் பாத்திரம்) எப்படி கியூர் ஊண்ட்ஸ் என்ற குணமாக்கும் மந்திரத்தை ஏவுகிறார் என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டது.

குழுவில் ஒருவர் மறுநாள் விடியுமுன் துறைமுகத்தில் வேலைக்கு நிற்க வேண்டியவர். ஆகவே காய்கள் இருந்த இடங்களைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு சண்டையைப் பாதியில் நிறுத்தினோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் நியாயமான ஒரு முடிவோடு நான் அமர வேண்டும். நண்பர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

திருவொற்றியூர்_டிஎம் எழுதியது:

தம்பிக்கு வணக்கம். உங்கள் குழுவில் ஐந்து பேரும் சொன்னது ஏதோ ஒரு நூலின்படி சரிதான். எந்த நூலை வைத்து ஆடுகிறோம் என்று சண்டைக்கு முன்னால் யாரும் சொல்லிக்கொள்ளாததுதான் இத்தனைக்கும் காரணம். 2014 நூலும் 2024 நூலும் கவுன்டர்ஸ்பெல் என்ற ஒரே பெயரில் இரு வேறு மந்திரங்களைத் தருகின்றன என்று நினைத்துக்கொண்டால் குழப்பம் பாதி குறையும்.

2014 நூலில், தடுக்கப்படும் மந்திரத்தின் நிலை நீங்கள் செலவிடும் ஸ்லாட்டின் நிலையைத் தாண்டாவிட்டால் அது தானாகவே அணையும். தாண்டினால், ஏவுவதற்கு நீங்கள் பயன்படுத்தும் திறனைக் கொண்டு 10-உடன் அந்த மந்திரத்தின் நிலையைக் கூட்டி வரும் எண்ணை எட்ட வேண்டும். 2024 நூலில் தானாக அணைவது என்பதே கிடையாது. மந்திரம் ஏவுகிறவர் கான்ஸ்டிட்யூஷன் (உடல் உறுதி) சேவிங் த்ரோ, அதாவது தப்பிப்பதற்கான பகடை, உருட்டுகிறார். தோற்றால் மந்திரம் கலைகிறது, ஆனால் அவருடைய ஸ்லாட் செலவாவதில்லை. அந்த முறைக்கான முதன்மைச் செயலான ஆக்ஷன் மட்டும் வீணாகிறது.

உங்கள் தங்கை கேட்டதற்கு வருகிறேன். 2014 நூலில் ஒரே முறையில் எத்தனை ஸ்லாட் செலவிடலாம் என்று எந்தப் பொதுத் தடையும் இல்லை. போனஸ் ஆக்ஷனால் (கூடுதல் சிறு செயல்) ஒரு மந்திரம் ஏவினால், அதே முறையில் ஒரு ஆக்ஷன் எடுக்கும் கான்ட்ரிப் (ஸ்லாட் செலவில்லாத எளிய மந்திரம்) தவிர வேறெதையும் ஏவக் கூடாது என்ற ஒரு தடைதான் உண்டு. அவள் அந்த முறையில் மிஸ்டி ஸ்டெப் போன்ற போனஸ் ஆக்ஷன் மந்திரம் எதையும் ஏவவில்லை என்றால், ஃபயர்பாலை ஆக்ஷனாலும் கவுன்டர்ஸ்பெல்லை ரியாக்ஷனாலும் ஏவுவதற்குத் தடையே இல்லை. மிஸ்டி ஸ்டெப்பால் இடம் மாறிவிட்டிருந்தால், ஃபயர்பாலும் கிடையாது, கவுன்டர்ஸ்பெல்லும் கிடையாது. 2024 நூலோ இந்தச் சுற்றுவழியை விட்டுவிட்டு, ஒரு முறையில் மந்திரம் ஏவ ஒரே ஒரு ஸ்லாட்டைத்தான் செலவிடலாம் என்று நேராகச் சொல்லிவிடுகிறது. ஃபயர்பாலுக்கு ஸ்லாட் போட்டபின் அதே முறையில் கவுன்டர்ஸ்பெல்லுக்கு இன்னொரு ஸ்லாட் போட வழியில்லை.

பெயரைச் சொல்லும் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் வேறு கருத்து உண்டு. நான் பெரும்பாலும் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆட்டம் நடத்துகிறேன். "ஒரு மந்திரம்" என்று சொன்னால் அவர்கள் முகத்தில் எதுவும் தெரிவதில்லை. "ஃபயர்பால்" என்று சொன்னால் நால்வரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து உட்காருகிறார்கள். அந்த அச்சத்தை நான் இழக்க விரும்பவில்லை. ஆகவே, பிள்ளையின் விசார்ட் தன் மந்திரப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கும் மந்திரமாக இருந்தால் பெயரைச் சொல்லிவிடுவேன். தினமும் அதையே படிக்கிறவனுக்குக் கையசைவைப் பார்த்ததும் தெரியாதா? மற்றவற்றுக்குச் சொல்வதில்லை. இது நூலில் இல்லாத, எங்கள் மேசையின் வழக்கம் என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுவேன்.

பெரம்பூர்_தமிழாசிரியர் எழுதியது:

திருவொற்றியூர் அம்மையார் சொன்ன நூல் வேறுபாட்டை முழுமையாக ஏற்கிறேன். பெயரைச் சொல்வது பற்றி மட்டும், நூல் வாய்திறக்காமல் விட்டிருக்கிறது என்று பலர் நினைப்பதால், சற்று விரிவாக எழுத நேர்கிறது.

கவுன்டர்ஸ்பெல்லின் தூண்டுதலை 2014 நூல் எப்படி வரையறுக்கிறது என்று பாருங்கள்: 60 அடிக்குள் ஓர் உயிர் மந்திரம் ஏவுவதை நீங்கள் காணும்போது எடுக்கும் ரியாக்ஷன். காண்பது ஏவுதலை, இன்ன மந்திரம் என்று அறிவதை அன்று. ஏவுகிறவர் கண்ணுக்குத் தெரியாமல் நின்றால் கவுன்டர்ஸ்பெல் இல்லை. பதின்மூன்றாம் கட்டத்தில் நின்றாலும் இல்லை. சோர்சரர் (பிறவி மந்திரவாதி) ஒருவர் சட்டில் ஸ்பெல் என்ற திறனைப் பயன்படுத்திச் சொல்லும் அசைவும் இல்லாமல் ஏவினால், பொருட்கூறும் தேவைப்படாத மந்திரமாக அது இருந்தால், காண்பதற்கே எதுவும் இல்லை. 2024 நூல் இதை இன்னும் தெளிவாக்கி, சொல், அசைவு, பொருள் ஆகிய கூறுகளுள் ஏதேனும் ஒன்றோடு ஏவுவதைக் காணும்போது என்றே எழுதிவிட்டது.

இனி, பெயர் இலவசமாகக் கிடைக்குமா என்ற கேள்வி. 2017-இல் வந்த ஸனாதர்ஸ் கைட் டு எவ்ரிதிங் என்ற துணைநூலில் மந்திரத்தை அடையாளம் காண்பதற்கென்றே ஒரு விதி இருக்கிறது. ஏவப்படும் வேளையிலேயே அறிய வேண்டுமானால் ரியாக்ஷனைச் செலவிட்டு, 15-உடன் மந்திரத்தின் நிலையைக் கூட்டிய எண்ணுக்கு எதிராக ஆர்க்கானா (மந்திர அறிவு) உருட்ட வேண்டும். உங்கள் பாத்திர வகையின் (விசார்ட், கிளெரிக் போன்றவை) மந்திரமாக அது ஏவப்பட்டால் அட்வான்டேஜ் (இரு முறை உருட்டிப் பெரியதை எடுப்பது) உண்டு. அறிவதற்கு ரியாக்ஷன், தடுப்பதற்கும் ரியாக்ஷன். ஒருவருக்கு ஒரு சுற்றில் கிடைப்பதோ ஒன்று. ஆகவே அறிந்தவரால் தடுக்க முடியாது, தடுக்கிறவர் அறியாமலே தடுக்கிறார்.

தொல்காப்பிய மரபியல் நூலுக்குரிய உத்திகள் முப்பத்திரண்டைச் சொல்லும்போது, மொழியாததனை முட்டின்றி முடித்தல் என்றும், வந்தது கொண்டு வாராதது உணர்த்தல் என்றும் இரண்டைக் குறிக்கிறது. நூல் சொல்லாமல் விட்டதை, சொன்னதோடு மோதாதபடி நிரப்ப வேண்டும். எழுதப்பட்டதிலிருந்தே எழுதப்படாததை உணர வேண்டும். வகுப்பில் ஆண்டுதோறும் இதைக் கற்பிக்கிறவன் என்பதால் எனக்கு இந்த ஆட்டத்தின் விதிகளை வேறு விதமாகப் படிக்கத் தெரியவில்லை. டிஎம் பெயரைச் சொல்ல வேண்டும் என்றோ, கூடாது என்றோ கவுன்டர்ஸ்பெல்லின் கீழ் ஒரு வரியும் இல்லை. ஆனால் பெயரை அறிவதற்கு ஒரு விலை குறிக்கப்பட்டிருக்கிறது. விலை குறித்த பொருளை வாசலில் வைத்து இலவசமாக வழங்கினால் அந்த விதிக்கு வேலையே இல்லாமல் போகும். மேலும், நிலையைத் தாண்டினால் பகடை உருட்டு என்ற ஏற்பாடே, எந்த ஸ்லாட்டைச் செலவிடுவது என்று அறியாமல் துணிய வேண்டிய நிலையைக் கருதி அமைந்தது. ஏழாம் நிலை விசார்டிடம் மூன்றாம் நிலை ஸ்லாட் மூன்று, நான்காம் நிலை ஸ்லாட் ஒன்றே ஒன்று. அந்த ஒன்றை ஒரு சாதாரண கான்ட்ரிப்புக்கு இழந்துவிடுவோமோ என்ற தயக்கம்தான் கவுன்டர்ஸ்பெல்லின் உண்மையான விலை என்பேன்.

நடைமுறைக்கு ஒன்று சொல்கிறேன். எதிரி ஏவப்போகும் மந்திரத்தின் பெயரை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கவிழ்த்து வையுங்கள். "ஒரு மந்திரம் ஏவுகிறான், சொல்லும் கையசைவும் தெரிகின்றன" என்று சொல்லி, மூன்று எண்ணும் நேரம் பொறுங்கள். யாரும் குறுக்கிடாவிட்டால் சீட்டைத் திருப்புங்கள். உங்கள் தங்கையும் தன் முறையில் அதையே செய்யட்டும். நீங்கள் எதிரிக்காகத் தடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்தபிறகே அவள் பெயரைச் சொல்லட்டும். ஆட்டக்காரர்களுக்கு மறைத்துவிட்டு டிஎம் மட்டும் அறிந்து தடுப்பது நேர்மையாகாது. உங்கள் புதிய நண்பரின் மனக்குறையும் பாதி அங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன். அம்மையாரின் புத்தக வழக்கம் விதியில் இல்லாவிட்டாலும் விதியின் போக்கோடு இசைந்ததே. இருபது வயதைத் தாண்டிய குழுவுக்கு அது தேவையில்லை என்பது என் எண்ணம்.

எண்ணூர்_கணக்கு எழுதியது:

ஆசிரியர் ஐயாவின் வாதத்தோடு சில எண்களைச் சேர்க்கிறேன். ஏழாம் நிலையில் ப்ரொஃபிஷியன்சி (பயிற்சிக்கான கூட்டெண்) 3. இன்டெலிஜென்ஸ் 18 என்று வைத்தால் அதன் கூட்டெண் 4. ஆர்க்கானாவில் பயிற்சி உள்ள விசார்டுக்கு மொத்தம் 7. ஃபயர்பாலை அடையாளம் காண 18 வேண்டும், அதாவது பகடையில் 11 அல்லது அதற்கு மேல்: நூற்றுக்கு 50. எதிரியும் விசார்ட் என்பதால் அட்வான்டேஜ் கிடைத்து 75 ஆகிறது. மோசமில்லை, ஆனால் ரியாக்ஷன் போய்விடும்.

தடுப்பதற்கு: 2014 நூலில், மூன்றாம் நிலை ஸ்லாட்டால் ஐந்தாம் நிலை மந்திரத்தைத் தடுக்க 15 வேண்டும். இங்கே ப்ரொஃபிஷியன்சி சேராது, கூட்டெண் 4 மட்டுமே. மறுபடியும் 11 அல்லது அதற்கு மேல், நூற்றுக்கு 50. 2024 நூலில் எதிரி எதிர்கொள்ள வேண்டிய எண் 8, 3, 4 சேர்ந்து 15. அவனுடைய கான்ஸ்டிட்யூஷன் சேவிங் த்ரோவில் 2 கூடுகிறது என்றால் 13 உருட்டினால் தப்புவான். நமக்கு வெற்றி நூற்றுக்கு 60. அது கான்ட்ரிப்பானாலும் ஒன்பதாம் நிலை மந்திரமானாலும் அதே 60 தான். ஆகவே 2024 நூலை வைத்து ஆடினால், எந்த ஸ்லாட் போடுவது என்ற தயக்கம் மறைந்து, போடுவதா வேண்டாமா என்ற ஒரு தயக்கமே எஞ்சுகிறது.

2024 நூலில் ஒரு நுணுக்கம் உண்டு. தடுக்கப்பட்டவருக்கு ஸ்லாட் செலவாவதில்லை என்பதால், ஃபயர்பாலை இழந்த விசார்ட் அதே முறையில் மிஸ்டி ஸ்டெப்பை ஸ்லாட் போட்டு ஏவலாமா? ஏவலாம் என்பதே என் வாசிப்பு; செலவாகாத ஸ்லாட்டைச் செலவுக் கணக்கில் எழுத முடியாது. ஆனால் எதிரியின் கவுன்டர்ஸ்பெல் இன்னும் முடிவாகாத அந்த நொடியில், ஃபயர்பாலுக்கான ஸ்லாட் செலவான நிலையில்தான் இருக்கிறது. எனவே உங்கள் தங்கையின் பதில் கவுன்டர்ஸ்பெல் 2024-இன்படி எழாது.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. கவுன்டர்ஸ்பெல்லுக்குச் சொற்கூறு இல்லை, கையசைவு மட்டுமே. ஆகவே சைலன்ஸ் மந்திரத்தின் ஒலியற்ற வட்டத்துக்குள்ளிருந்தும் அதை ஏவலாம். ஆனால் கை காலியாக இருக்க வேண்டும். பொருட்கூறு உள்ள மந்திரத்தில் மட்டும், பொருளையோ அதற்கு மாற்றான ஃபோகஸையோ பிடித்த கையாலேயே அசைவைச் செய்யலாம் என்கிறது நூல். ஒரு கையில் மந்திரக் கோலும் மறு கையில் விளக்கும் பிடித்த விசார்டுக்குக் கவுன்டர்ஸ்பெல் கிடையாது.

கிளெரிக்குக்கும் இதுவே விடை. கேடயத்தில் புனிதச் சின்னம் இருந்தால், பொருட்கூறு கொண்ட ப்ளெஸ் போன்றவற்றைக் கேடயக் கையாலேயே ஏவலாம். கியூர் ஊண்ட்ஸுக்குச் சொல்லும் அசைவும் உண்டு, பொருள் இல்லை. அதனால் கதாயுதத்தை இடுப்பில் செருகிவிட்டு ஏவ வேண்டும், அல்லது வார் காஸ்டர் என்ற ஃபீட் (சிறப்புத் திறன்) வேண்டும். ஹீலிங் வேர்டு சொல் மட்டுமே உள்ள மந்திரம். இரண்டு கைகளும் நிறைந்திருந்தாலும் 60 அடி வரை எட்டும்.

கல்மண்டபம்_பகடை எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று மாலை ஆட்டம் தொடங்குமுன் இந்த இழையை அனைவருக்கும் வாசித்துக் காட்டினேன். துறைமுகக் கதை முடியும்வரை 2014 நூல், அடுத்த கதையிலிருந்து 2024 நூல் என்று ஒருமனதாக முடிவு செய்தோம். அதன்படி தங்கையின் கவுன்டர்ஸ்பெல் செல்லும். எதிரியின் கவுன்டர்ஸ்பெல் அணைந்தது. ஃபயர்பாலின் எட்டுப் பகடைகளும் சேர்ந்து 33 காட்டின. சிவப்புக் காய் சேவிங் த்ரோவில் தோற்றது. யாரும் அணியாத, ஏந்தாத எரியும் பொருள்கள் பற்றிக்கொள்ளும் என்பதால் கரையில் காய்ந்த வலைகளும் எரிந்தன. முதல் சுற்றில் நான் பெயரைச் சொன்னது என் பிழை என்று ஒப்புக்கொண்டேன். அந்தச் சுற்றை மாற்ற வேண்டாம் என்று புதிய நண்பரே பெருந்தன்மையோடு சொல்லிவிட்டார்.

சீட்டு முறை எல்லோருக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் அதனாலேயே ஒரு புதிய ஐயம் எழுந்தது. எதிரிகளின் இரண்டாவது விசார்ட் பனிக்கட்டிக் கிடங்கின் சுவருக்குப் பின்னால் மறைந்து நின்று, ரெடி ஆக்ஷன் மூலம் ஒரு மந்திரத்தை ஏவிப் பிடித்து வைத்துக்கொண்டு, பிறகு வெளியே நகர்ந்து நிற்கிறான். எங்களில் ஒருவர் அசைந்ததும் அதை விடுவிக்கிறான். அப்போது தங்கை தடுக்கலாமா? சீட்டை நான் எந்த நொடியில் வைக்க வேண்டும்?

பெரம்பூர்_தமிழாசிரியர் எழுதியது:

தடுக்க முடியாது. ரெடி ஆக்ஷனில் மந்திரத்தை வழக்கம்போல் அப்போதே ஏவுகிறோம், அதன் ஆற்றலை மட்டும் பிடித்து வைத்து, பின்னர் ரியாக்ஷனால் விடுவிக்கிறோம் என்று 2014 நூல் தெளிவாக எழுதியிருக்கிறது. ஏவுதல் சுவருக்குப் பின்னால், யாரும் காணாத இடத்தில் முடிந்துவிட்டது. விடுவிப்பது ஏவுதல் அன்று. ஆகவே சீட்டை அவன் மறைவில் நிற்கும்போதே எழுதிக் கவிழ்த்துவிடுங்கள். விடுவிக்கும்போது மூன்று எண்ண வேண்டியதில்லை, நேராகத் திருப்பலாம். சுவருக்குப் பின்னால் ஓதும் குரல் கேட்கிறது என்று சொல்லுங்கள், ஏனென்றால் சொற்கூறு உள்ள மந்திரம் ஒலியின்றி ஏவப்படாது.

தங்கைக்கும் வழி இருக்கிறது. பிடித்து வைத்திருப்பதற்குக் கான்சன்ட்ரேஷன் (மன ஒருமை) வேண்டும். அவன் வெளியே வந்து நின்றதிலிருந்து விடுவிக்கும்வரை யாராவது அவனை அடித்துவிட்டால், 10 அல்லது பட்ட சேதத்தின் பாதி, இவற்றில் எது பெரியதோ அந்த எண்ணுக்கு எதிராக அவன் கான்ஸ்டிட்யூஷன் சேவிங் த்ரோ உருட்ட வேண்டும். தோற்றால் மந்திரமும் போயிற்று, ஸ்லாட்டும் போயிற்று. விடுவிக்கத் தூண்டுதல் எது என்பதையும் அவன் முன்கூட்டியே முடிவு செய்திருக்க வேண்டும் என்பதால், அதையும் அதே சீட்டின் பின்புறத்தில் எழுதி வையுங்கள். உங்கள் குழுவில் வில் வைத்திருப்பவர் யார் என்று நீங்கள் எழுதவில்லை. அவருக்கு இந்த வாரம் வேலை இருக்கிறது.